ஜிப்ஸி இன்ஜின் மவுண்ட்: ரப்பரைக் கெட்டியாக்க வேண்டாம், இழுப்பைக் கட்டுங்கள்

மாருதி ஜிப்ஸியை மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு, இன்ஜினை வண்டிச் சட்டத்தில் (சேஸியில்) பிடிக்கிற ரப்பர் தாங்கியான இன்ஜின் மவுண்ட் பிய்ந்துபோவது புதிய சங்கதி இல்லை. பட்டறைக்குப் போனால் பவுண்டேஷன் ரப்பர் போய்விட்டது என்று சொல்லிப் புதுசு மாட்டித் தருவார்கள், கொஞ்ச நாள் பாறையும் சேறுமாக ஓடினால் மறுபடி அதே பக்கம், அதே ரப்பர். உடனே எல்லோரும் தேடுவது இன்னும் கெட்டியான ரப்பரைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாக யோசிக்க வேண்டியது.

ஏனென்று சொல்கிறேன். ஜிப்ஸியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டு, முன்னால் இடமும் வலமும் ஒவ்வொரு மவுண்ட், பின்னால் கியர்பாக்ஸுக்கு ஒன்று. 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இன்ஜின் தருவது 103 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கும் திறன். முதல் கியரில் அது சுமார் 3.65 மடங்காகி ஏறக்குறைய 375 ஆக வெளியே போகிறது. ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக அதே 375 இந்த மொத்தக் கட்டையும் முறுக்கும். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் மேலே எழும்பும், வலப்பக்கம் அமுங்கும், ரிவர்ஸ் போட்டால் நேர்மாறு. முன் மவுண்ட் இரண்டுக்கும் நடுவில் அரை மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இடப்பக்கத்தை மேலே தூக்கும் விசை 75 கிலோ எடைக்குச் சமம். இது சாதாரணமாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது. கிளட்சைச் சட்டென்று விட்டாலோ, காற்றில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று பாறையைப் பிடித்தாலோ இது எங்கேயோ போய்விடும்.

மவுண்ட் என்பது இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் ரப்பரை வார்த்து ஒட்டியது. அமுக்கினால் வருஷக்கணக்கில் தாங்கும், இழுத்தால் தகட்டிலிருந்து ஒட்டு விட்டுவிடும். ஆக நாம் தடுக்க வேண்டியது இழுப்பை. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பொருளைப் போட்டால் மவுண்ட் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்த அடி அப்படியே பிராக்கெட்டுக்கும் இன்ஜினின் உடலான பிளாக்குக்கும் போகும். இந்த 1.3 இன்ஜினின் பிளாக் அலுமினியம். பிராக்கெட் போல்ட் போகிற மறையே உரிந்துவிட்டால் ஹெலிகாயில் (புது மறையாக உள்ளே நுழைக்கிற கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்கிற வேலை ரப்பர் மாற்றுவதைப் போலப் பத்து மடங்கு தலைவலி. அதோடு பாறையில் ஏறும்போது சேஸி முறுகும், இன்ஜின் கட்டு முறுகாது, அந்த வித்தியாசத்தை உள்வாங்கிக்கொள்ள ஏதோ ஒன்று மெத்தென்று இருந்தே ஆக வேண்டும். ரப்பரே இல்லாமல் இரும்போடு இரும்பை முடுக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, முதலில் சோதனை. பானெட்டைத் திறந்து வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் அழுத்திப் பிடித்து முதல் கியரில் கிளட்சை லேசாகக் கடிக்க விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக் கூடாது. இன்ஜின் கொஞ்சம் அசைவது இயல்பு. இடப்பக்க ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் வாய் திறந்தால், அல்லது இன்ஜின் ஒரு விரல் தடிமனுக்கு மேல் எழும்பினால், அந்த மவுண்ட் முடிந்தது. பிறகு ரிவர்ஸில் வலப்பக்கம். ஃபேன் கவசத்தின் உள்விளிம்பில் இறக்கை உரசிய கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள், அது பொய் சொல்லாது. ரப்பர் மேல் ஆயில் வடிந்திருந்தால் முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள், ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும், புதுசு போட்டும் பிரயோஜனம் இல்லை.

கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவை எடுங்கள், ஃபேன் கவசத்தின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் இன்ஜினைத் தூக்கும்போது இறக்கை அதில் இடிக்கும். ஜாக்கியை ஆயில் சம்ப் மேல் நேரடியாக வைக்க வேண்டாம், அது மெல்லிய தகடு, நசுங்கினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் வாயை அடைக்கும். செயின் பிளாக்கில் மேலிருந்து பிடிப்பதுதான் நல்லது. இன்ஜின் எடை ரப்பரை விட்டு எழும்பினால் போதும், அதற்கு மேல் தூக்கினால் ரேடியேட்டர் ஹோஸும் எக்ஸாஸ்ட் பைப்பும் இழுபடும்.

ரப்பரை எடுத்ததும் பிராக்கெட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிப் பக்கத்து பிராக்கெட்டில், வெல்டிங் முடிகிற மூலையில், தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்திவிட்டு, விரிசலை வி வடிவில் அரைத்து நிரப்பி வெல்ட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் 4 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட்டில் முக்கோணமாக ஒரு முட்டு வெட்டி, பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் இடையில் சேர்க்கலாம். சேஸியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் குறுக்காக வெட்டுகிற மாதிரி வெல்டிங் ஓட்டக் கூடாது, அந்த இடத்திலேயே புது விரிசல் பிறக்கும். வெல்டிங் நடக்கும்போது ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கனெக்டரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். பெட்ரோல் பைப், பிரேக் பைப் எங்கே ஓடுகின்றன என்று வெல்டரிடம் கையால் தொட்டுக் காட்டிவிடுங்கள். ரப்பரை மாட்டி வைத்துக்கொண்டு வெல்ட் அடித்தால் சூட்டில் ஒட்டு போய்விடும், அவசரப்பட வேண்டாம்.

இனி முக்கியமான வேலை, இழுப்பைக் கட்டுவது. இது பழைய வழிதான். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் ஏறக்குறைய 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, காரணம் மவுண்ட் பிய்ந்து இன்ஜின் எழும்பி ஆக்ஸிலரேட்டர் இணைப்பை இழுத்துவிடும் என்பது. அதற்கு அவர்கள் செய்த தீர்வு, எழும்பவிடாமல் பிடிக்கிற ஒரு கம்பி வடம். நமக்கும் அதே போதும்.

6 மி.மீ. ஸ்டீல் வயர் ரோப் வாங்குங்கள். ஒரு முனை இன்ஜின் பக்கத்து பிராக்கெட்டில், மறுமுனை நேர் கீழே சேஸி பிராக்கெட்டில், இரண்டிலும் 8.8 தரப் போல்ட்டும் (உறுதியான வகை) நைலாக் நட்டும் (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது). வளைவுகளில் வடம் நசுங்காமல் காக்கிற திம்பிள் என்ற உலோக வளையம் போடுங்கள், முனைக்கு மூன்று கிளாம்ப், ஒவ்வொன்றிலும் யூ போல்ட் வெட்டின முனைமேல் உட்கார வேண்டும், சுமை தாங்குகிற வடத்தின்மேல் அல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்தும் வயரிங்கிலிருந்தும் தள்ளியே போகட்டும். நீளத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். புது மவுண்ட்டை முடுக்கி இன்ஜின் எடையை அதில் இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி 6 முதல் 8 மி.மீ. மட்டும் தூக்குங்கள், வடத்தை விறைப்பாக இழுத்துக் கிளாம்ப்பை முடுக்குங்கள், பிறகு இறக்குங்கள். இப்போது வடம் கொஞ்சம் தொய்ந்து நிற்கும். ஐடிலில் நடுக்கம் சேஸிக்கு வராது, இன்ஜின் துள்ளும்போது மட்டும் பிடிக்கும். இடப்பக்கம் கட்டாயம், சேற்றில் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிற பழக்கம் இருந்தால் வலப்பக்கமும் போடுங்கள்.

கடினமான ஏற்றத்துக்கான மெதுவான கியர் வரிசை, அதாவது லோ ரேஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. ஜிப்ஸியின் டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கிற பெட்டி) தனியாக மூன்று ரப்பரில் தொங்குகிறது, லோ போட்டதும் டார்க் இன்னும் 2.27 மடங்காவது அங்கேதான், இன்ஜின் மவுண்ட்டுக்கு அதில் பங்கில்லை. லோவில் மட்டும் அடியில் டொக்கென்று சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம் தேட வேண்டாம், அந்த மூன்று ரப்பரையும் அவற்றின் கைகளையும் பாருங்கள்.

எல்லாம் முடுக்கியபின் ஒவ்வொரு நட்டின் மேலும் பிராக்கெட் வரை நீளும்படி வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். முதல் கரடுமுரடான ஓட்டம் முடிந்து வந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள், கோடு விலகியிருந்தால் அந்த நட்டை மாற்றிப் புதுசு போடுங்கள், பழைய நைலாக்கையே திரும்ப முடுக்க வேண்டாம்.