நெல்லுக்கு மரக்கால், பூவுக்கு முழம்: ஆய்வுச் செய்திகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்ற வரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்போதெல்லாம், எந்தத் துறை ஆய்வு என்றுதான் முதலில் கேட்பேன். நிரூபணம் என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் ஒரு பொருள், இயற்பியலில் வேறொரு பொருள், கல்வெட்டியலில் இன்னொன்று. நெல்லை மரக்காலில் அளந்தோம், பூவை முழம் போட்டு வாங்குகிறோம். யாரும் மாற்றி அளந்ததில்லை. ஆய்வு என்று வந்துவிட்டால் மட்டும் கைக்குக் கிடைத்த ஒரு கோலால் எல்லாவற்றையும் அளந்துவிடுகிறோம்.

மருத்துவத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே தவறாகப் படித்தால் உடம்பு விலை கொடுக்கும்.

சதவீதம் கண்டு மிரள்வது

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உடனே சாசேஜும் சிகரெட்டும் ஒன்று என்கிற தொனியில் செய்திகள் பரவின. அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே சொல்கிறது. கேடு எவ்வளவு பெரியது என்ற கணக்கு அதில் கிடையாது. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்று அப்போது சொன்னார்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் கூடினால் அது ஆறு பேர் ஆகும். அந்த ஆறாவது ஆளும் ஒரு மனிதர்தான், அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் "எதிலிருந்து எவ்வளவுக்கு" என்று கேட்காமல் சதவீதத்தை மட்டும் விழுங்கக் கூடாது.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு: பரிசோதனைச் சீட்டில் எண் சரியாகிவிட்டால் நோயாளியும் சரியாகிவிட்டார் என்று நினைப்பது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகத் தப்பும். அப்படித் துடிப்பு தப்புகிறவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே துடிப்பைச் சீராக்கும் மாத்திரை கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு ஆகிய மருந்துகள் துடிப்பை அழகாகச் சீராக்கின. பிறகு அமெரிக்காவில் முறையான சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு மருந்து, மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரை. 1989இல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். ஈசிஜி தாளில் துடிப்பு சீராகிவிட்டது, ஆள் போய்விட்டார். அன்றிலிருந்து எந்த மருந்து ஆய்வைப் படித்தாலும் எதை அளந்தார்கள் என்று தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். கொழுப்பு குறைந்ததா, கட்டி சுருங்கியதா, மனிதர் கூடுதலாக வாழ்ந்தாரா? மூன்றும் வெவ்வேறு கேள்விகள்.

குலுக்கல் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு கதை. மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதய நோய் குறையும் என்று குலுக்கிப் பிரிக்காமல், பல ஆண்டுகளாகக் கவனித்து மட்டும் செய்த கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. 2002இல் வெளியான அமெரிக்கக் குலுக்கல் சோதனையில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடின. முந்தைய ஆய்வுகளில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பெண்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உடல்நல அக்கறையும் உள்ளவர்கள். மாத்திரைக்குப் போன பெருமையில் ஒரு பங்கு உண்மையில் அவர்களுடைய வாழ்நிலைக்கு உரியது. காபி, மது, மீன் எண்ணெய் பற்றிய செய்திகளிலும் இந்தச் சந்தேகம் நமக்கு வர வேண்டும். எலியில் வெற்றி பெற்ற மருந்துகள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. செய்தியின் கடைசிப் பத்தியில்தான் பெரும்பாலும் "எலி" என்ற சொல் வரும். அங்கே போய்ப் பாருங்கள்.

ஒரே ஒரு முடிவை முடிந்த முடிவாக எடுப்பது

2011 செப்டம்பரில், நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட வேகமாகப் போவதாக ஒரு செய்தி வந்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்குச் சுமார் 730 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்துவிட்டன என்றது அதை அளந்த ஓபரா ஆய்வுக் குழு. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டீன் தோற்றார் என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குழு உலகத்தைப் பார்த்துச் சொன்னது, "எங்களுக்குத் தவறு புலப்படவில்லை, நீங்களும் சரிபாருங்கள்" என்பதைத்தான். 2012இல் காரணம் தெரிந்தது: சரியாகப் பொருந்தாத ஒரு கண்ணாடி இழைக் கேபிள். இதை விஞ்ஞானத்தின் தோல்வியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்ப முடியாத விடை வந்தபோது அதை மறைக்காமல் வெளியே வைத்தார்கள், தவறு கண்டதும் அதையும் வைத்தார்கள்.

துறைக்குத் துறை வாசற்படியின் உயரமும் வேறு. உளவியலிலும் மருத்துவத்திலும், உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதும் என்பது வழக்கம். துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க அது சுமார் 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது தாண்டியது அந்தப் படியைத்தான். தாழ்ந்த படியின் விளைவு 2015இல் தெரிந்தது. நூறு உளவியல் ஆய்வுகளை வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். 36 சதவீதத்தில்தான் மறுபடியும் அந்தப் படியைத் தாண்டிய முடிவு கிடைத்தது.

விலக்கிக்கொள்ளப்பட்ட கட்டுரைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய, லான்செட் மருத்துவ இதழின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் இதழே அதை விலக்கியது. அதற்குள் அந்தப் பயம் வீடு வீடாகப் போய்விட்டது. இன்றும் ஊசி போடத் தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு கட்டுரையைப் பகிர்வதற்கு முன் இதழின் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து, விலக்கல் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

மொழி, வரலாறு போன்ற துறைகளை "கருத்து" என்று ஒதுக்குவது

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இது. ஆய்வகம் இல்லை, எண் இல்லை, ஆகவே அங்கே ஆளாளுக்கு ஒரு கருத்து என்று நினைக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாட வேறுபாடு குறித்த உழைப்பு இருக்கிறது. எந்த ஏட்டில் எழுதியவர் கண் தவறியது, எதில் உரைவரி மூலத்தோடு கலந்தது என்று தீர்மானிக்க விதிகள் உண்டு. அது தடயம் தேடும் வேலை.

நேர்மாறான தவறும் நடக்கிறது: எண் வந்தவுடன் வாயடைத்துப் போவது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரிக்கு அமெரிக்க ஆய்வகம் கொடுத்த காலம் கி.மு. 580. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் இதை வெளியிட்டபோது நானும் பூரித்தேன். ஆனால் கார்பன் கணிப்பு சொல்வது அந்த மரமோ தானியமோ உயிர்விட்ட காலத்தை. அருகில் கிடந்த எழுத்துப் பொறித்த பானை ஓட்டுக்கு அந்தக் காலம் பொருந்துமா என்பதை மண்ணடுக்கு ஆராய்ச்சிதான் சொல்ல வேண்டும். மேலும் கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடும். அங்கே ஒரே ஆண்டைச் சுட்டுவது கடினம், நீண்ட இடைவெளியாகத்தான் விடை கிடைக்கும். கீழடியின் மதிப்பு இதனால் குறைவதில்லை. ஒற்றை ஆண்டின் மேல் மொத்தப் பாரத்தையும் ஏற்றினால்தான், நாளை யாராவது அந்த எண்ணை அசைக்கும்போது எல்லாமே ஆடுவதாகத் தோன்றும்.

எத்தனை கட்டுரை என்று எண்ணுவது

வேலைத் தேர்விலும் பதவி உயர்விலும் தினமும் நடப்பது. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் போடுவார்கள். உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. இது தெரியாமல் "முதல் ஆசிரியரா?" என்று ஒரு கணிதக்காரரைக் கேட்பது அவருக்கு அநீதி. புவான்கரே ஊகம் என்ற கணிதப் புதிரைத் தீர்த்த கிரிகோரி பெரெல்மான் தன் நிறுவலை 2002, 2003இல், ஆய்வாளர்கள் தாங்களே கட்டுரை ஏற்றும் ஆர்கைவ் இணையதளத்தில் ஏற்றியதோடு சரி, எந்த இதழுக்கும் அனுப்பவில்லை.

கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1960களில் மலைக்குகை ஏறி இறங்கித் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். 1990களில் மறுபடி அந்தக் குகைகளுக்குப் போய், தன் பழைய வாசிப்புகளை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். அவருடைய பெருநூல் 2003இல் வந்தது. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று கேட்கும் படிவத்தில் இந்தப் பொறுமையான உழைப்புக்கு ஒரு கட்டமும் இருக்காது.