அனாதை இல்லங்களில் தொண்டு செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறையை ஒதுக்கி, சொந்தக் காசைப் போட்டு, முன்பின் தெரியாத ஓர் ஏழை நாட்டுக்குப் போய் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு உதவ நினைப்பது பெரிய மனசு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல மனசே பல இடங்களில் பிள்ளைகளுக்குக் கெடுதலாக முடிந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் யாருமற்றவர்கள் என்று நம்பிவிடுவதுதான் முதல் தவறு. யுனிசெஃப் கணக்கில், தாய் தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே அந்தக் குழந்தை அனாதை. அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளையும் அந்தக் கணக்கில் வரும். உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார் என்று 2009-இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பு சொன்னது. பிறகு ஏன் அங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் வறுமைதான் காரணம். பள்ளிக்கூடம் தூரம், வீட்டில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம், நோயாளிப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வழியில்லை. ‘நாங்கள் படிக்க வைக்கிறோம்’ என்று யாராவது வந்து சொன்னால் தாய் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறாள்.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தது. சில நாட்களில் அமெரிக்கத் தன்னார்வலர்கள் பத்துப் பேர், 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசுக்குக் கிளம்பினார்கள். எல்லையில் தடுத்து விசாரித்தபோதுதான் அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருப்பது தெரியவந்தது. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பெற்றவர்களிடமிருந்து பிரிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது, பணம் எங்கே போகிறதோ அங்கே பிள்ளைகளும் வந்து சேருவார்கள் என்பதை மறந்துவிடுவது. கம்போடியாவில் 2005-இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010-இல் 269 ஆகிவிட்டன. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே அத்தனை பிள்ளைகளை அனாதையாக்கும் பெரும் போரோ கொள்ளைநோயோ வரவில்லை. கூடியது வெளிநாட்டு நன்கொடையும் சுற்றுலாப் பயணிகளும்தான். நேபாளத்தில் பெரும்பாலான இல்லங்கள் காத்மாண்டு, பொக்காரா போன்ற சுற்றுலா ஊர்களைச் சுற்றியே இருக்கின்றன. பிள்ளைகளில் பலரோ தொலைதூர மலைக்கிராமங்களிலிருந்து தரகர்கள் வழியாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் தொண்டு பிள்ளைக் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் வழிவகுக்கலாம், அதைத் தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் சொல்லியிருக்கிறது.

எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம் இனிமேல்தான் வருகிறது.

இல்லத்தின் கதவைத் திறந்ததும் நான்கு வயசுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும். நீங்கள் யார் என்று கேட்காமலே மடியில் ஏறி உட்காரும். ‘எவ்வளவு பாசம்!’ என்று உங்களுக்குக் கண் கலங்கும். ஆனால் வீட்டில் வளர்கிற நான்கு வயசுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அப்புறம் மெல்ல எட்டிப் பார்க்கும். கண்டவர் மடியிலெல்லாம் ஏறுவது, தனக்கென்று நிலையாக ஒருவர் இல்லாத பிள்ளையின் அடையாளமாக இருக்கலாம். நீங்கள் இரண்டு வாரம் தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுவீர்கள். திங்கட்கிழமை வேறொருவர் வந்து அதே ஏ, பி, சி, டி-யை முதலிலிருந்து ஆரம்பிப்பார். பிள்ளைக்கு இன்னொரு பிரிவு கணக்கில் ஏறும்.

ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு, இல்லத்திலேயே வளர்ந்த குழந்தைகளையும் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளையும் பல வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் மனிதர்களோடு ஒட்டுவதிலும் தேறினார்கள். இரண்டு வயசுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். ஆகவே சிறு குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அங்கேயே நிரந்தரமாக இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை. உங்களுக்கு ஆசையாக இருந்தாலும் வேண்டாம்.

சின்னதாகத் தோன்றும் தவறுகளும் உண்டு. பிள்ளைகளின் முகம் தெரியப் படமெடுத்து இணையத்தில் போடாதீர்கள். உங்கள் பிள்ளையின் படத்தை யாரோ ஒருவர் ‘பாவம், அனாதை’ என்று எழுதிப் போட்டால் தாங்குவீர்களா? ‘மறுபடி வருவேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளை நாள் எண்ணிக்கொண்டு காத்திருக்கும். பரிசுப்பொருளை நேராகக் கையில் கொடுக்காமல் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

காவல்துறைச் சான்று கேட்காமல், பின்னணி விசாரிக்காமல் உங்களை உள்ளே விடுகிற இல்லம் யாரையும் விடும். பிள்ளையைத் தனியாக வெளியே கூட்டிப்போகச் சொன்னால் அங்கிருந்து விலகுவதோடு நிற்காமல், அந்த நாட்டுக் குழந்தைகள் நலத் துறைக்கும் தெரிவியுங்கள்.

சரி, அப்படியென்றால் உதவவே கூடாதா? தாராளமாக உதவலாம். நீங்கள் செவிலியரா, பிசியோதெரபிஸ்டா, கணக்காளரா? உங்கள் தொழிலை உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் திரும்பிய பிறகும் அது அங்கே நிற்கும். பணம் கொடுப்பதானால், பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்கும்படி குடும்பத்துக்குக் கைகொடுக்கிற அமைப்புகளைத் தேடிக் கொடுங்கள். வறுமையை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

ஏற்கெனவே ஓர் இல்லத்துக்கு மாதாமாதம் அனுப்புகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், பிள்ளைகளின் சாப்பாட்டில்தான் கை வைத்ததாக ஆகும். ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்: போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? உறவினர்களைத் தேட யாரை நியமித்திருக்கிறீர்கள்? பதில் நேராக வந்தால், உங்கள் பணத்தை அந்தத் தேடல் வேலைக்கே ஒதுக்கச் சொல்லுங்கள்.