பிடிக்காத வேலையை விட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போகலாமா? கணக்கிட்டு முடிவெடுக்கும் முறை

சென்னை, கோவை போன்ற நகரங்களில் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோரில் பலர், வேலை பிடிக்காமல் போனபின்பும் அடுத்த நிறுவனம் தரும் தொகை குறைவு என்பதாலேயே தயங்கி நிற்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் ஒப்பிடுவது இரண்டு சி.டி.சி. எண்களை, அதாவது நிறுவனம் ஒருவருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகைகளை. என் கருத்தில் இந்த முடிவுக்குச் சற்றும் உதவாத எண் அதுதான். ஊதியம் குறைவதால் உண்மையில் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பதை ராஜினாமாவுக்கு முன்பே கண்டறியும் வழி கீழே உள்ளது.

படி 1: பிடிக்காதது எது என்று எழுதுங்கள்

வேலையின் தன்மையா, மேலாளரா, இரவு ஷிஃப்டா, தினமும் பழைய மகாபலிபுரம் சாலையில் கழியும் நேரமா என்று பிரித்து எழுதுங்கள். மேலாளரோ ப்ராஜெக்டோதான் காரணம் என்றால், சம்பளத்தை இழக்காமல் அதே நிறுவனத்துக்குள் வேறு குழுவுக்கு மாற முடியுமா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். வேலையே பிடிக்கவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுங்கள்

இரண்டு ஆஃபர் லெட்டர்களிலிருந்தும் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), காப்பீட்டு பிரீமியம், பணிக்கொடை (கிராஜுவிட்டி), உறுதியில்லாத வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்து மாறும் ஊதியம்) ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மீதியில் வருமான வரியைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, இவற்றைக் கழித்தபின் ஆண்டுக்கு 15 லட்சம் பெறும் ஒருவர் 12.5 லட்சத்துக்குச் செல்ல நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, நிலையான கழிவு 75,000 ரூபாய் போக, 15 லட்சத்துக்கு செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) உட்பட 97,500 ரூபாய் வரி வரும். 12.5 லட்சத்திலோ, கழிவுக்குப் பின் மிஞ்சும் வருமானம் 12 லட்சத்துக்குள் அடங்கிவிடுவதால், வரியே இல்லை. ஆகவே ஆண்டுக்கு 2.5 லட்சம் குறைவதாகத் தோன்றினாலும் உண்மையான இழப்பு 1,52,500 ரூபாய்தான்; மாதக் கணக்கில் 20,800 அல்ல, ஏறத்தாழ 12,700. இரண்டு சம்பளங்களுமே 12.75 லட்சத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சலுகை ஏற்கெனவே உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், குறையும் தொகை முழுவதும் உங்கள் இழப்பே.

படி 3: விலகும் நாளைப் பாருங்கள்

நிரந்தரப் பணியாளர் ஒருவர் தாமாக விலகும்போது பணிக்கொடை பெற, பொதுவாக 5 ஆண்டுத் தொடர் பணி தேவை. அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய் என்றால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, மீண்டும் 5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,44,000 ரூபாய் வருகிறது. நான்கரை ஆண்டுகளை முடித்தவர் இன்னும் சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, மேலே கண்ட ஓராண்டு இழப்பைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும்.

நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். தனியாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், பெற்றோருக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால், புதிய நிறுவனத்தின் காப்பீடு அவர்களையும் உள்ளடக்குகிறதா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

படி 4: புதிய சம்பளத்தில் மூன்று மாதங்கள் வாழ்ந்து பாருங்கள்

வித்தியாசத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தொடர் வைப்புக்கு மாற்றிவிட்டு, மீதியில் வீட்டுக்கடன் இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள். செலவைக் குறைப்பவர்களில் அவர்களும் உண்டு. கிரெடிட் கார்டைத் தொடாமல் மூன்று மாதங்களும் கழிந்தால் அந்தச் சம்பளம் போதும். சேர்ந்த தொகையும் அவசர நிதியாகக் கையில் இருக்கும்.

படி 5: அடுத்த வேலையையும் எண்ணுங்கள்

பல நிறுவனங்கள் கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டைக் கேட்டு, அதன்மேல் ஒரு விழுக்காடு கூட்டித்தான் ஊதியம் நிர்ணயிக்கின்றன. எனவே இன்று குறைத்துக்கொள்ளும் தொகை அடுத்த மாற்றத்திலும் தொடரும். புதிய வேலை சந்தையில் தேவைப்படும் ஒரு திறனைக் கற்றுத் தருமானால் அதை ஏற்கலாம். நிம்மதி மட்டுமே கிடைக்கும் என்றாலும் ஏற்கலாம், ஆனால் சம்பளம் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பும் என்ற எதிர்பார்ப்பில் புதிய கடன் வாங்காதீர்கள்.

படி 6: வரிசை மாறாமல் விலகுங்கள்

கையெழுத்தான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபின்பே ராஜினாமா செய்யுங்கள். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் புதிய நிறுவனம் அதுவரை காத்திருக்குமா என்பதை முன்பே பேசி முடியுங்கள். கடைசி நாளில் ரிலீவிங் லெட்டரைப் பெற்றுக்கொண்டு, பழைய யு.ஏ.என். எண்ணையே (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர அடையாள எண்) புதிய நிறுவனத்தில் கொடுத்து பி.எஃப். தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தப் பணிக்காலம் 5 ஆண்டுகளை எட்டுவதற்குள் அதை எடுத்துவிட்டால் பொதுவாக வரி கட்ட வேண்டியிருக்கும்.