கடற்கரையில் எடுத்த பழைய குடும்பப் படங்கள்: காலத்தைக் கண்டறிவதும் காப்பதும்

பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாகப் பெண்களும், சலவை மடிப்புக் கலையாத சட்டையில் ஆண்களும், புது உடுப்பில் பிள்ளைகளும் மணலில் வரிசையாக நிற்கும் படம் நம்முடைய பழைய ஆல்பங்கள் பலவற்றில் உண்டு. காணும் பொங்கலன்றோ, கல்யாணம் முடிந்து வெளியூர் உறவினர் ஊர் திரும்புமுன்போ, ராமேஸ்வரம், கன்னியாகுமரி யாத்திரையின் போதோ கடற்கரைக்குப் போவது ஒரு விசேஷமாக இருந்தது. ஆகையால் வீட்டில் இருப்பதிலேயே நல்லதை உடுத்திக்கொண்டு போனார்கள். அந்த அலங்காரம்தான் இன்று நமக்குப் பெரிய தடயம். படத்தின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அதில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. எனவே, ஸ்கேன் செய்வதையும் சட்டம் போடுவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலத்தையும் ஆட்களையும் உறுதி செய்வதை முதலில் தொடங்குங்கள்.

முதலில் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் அபூர்வமல்ல. புடவையின் முந்தானை இடது தோளில் விழ வேண்டும். ஆண்களின் சட்டைப் பை இடது மார்பில் இருக்க வேண்டும். இரண்டும் வலப்பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். இதைக் கவனிக்காமல் பின்னணிக் கட்டடங்களை ஆராய்ந்தால் இடமே தவறிப் போகும்.

அடுத்தது பின்னணி. சென்னை மெரினாவில் எடுத்த படமானால், மணற்பரப்பின் ஓரத்தில் என்ன தெரிகிறது என்பதை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். உழைப்பாளர் சிலை 1959இல் வைக்கப்பட்டது. திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி உள்ளிட்ட சிலைகள் 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்தவை. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய இன்றைய கலங்கரை விளக்கம் 1977இல் திறக்கப்பட்டது. இவற்றில் ஒன்று தெரிந்தால் படம் அந்த ஆண்டுக்கு அதிகம் முற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் ஒன்று தெரியாததை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. கேமரா வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

கன்னியாகுமரிப் படங்களில் இந்தக் கணக்கு இன்னும் எளிது, ஏனென்றால் அங்கே எல்லாரும் அந்தப் பாறைகளைப் பின்னால் வைத்துத்தான் படம் எடுத்துக்கொண்டார்கள். பாறை மொட்டையாக இருந்தால் படம் விவேகானந்தர் மண்டபம் எழுவதற்கு முந்தையது. மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. மண்டபம் மட்டும் இருந்து, பக்கத்துப் பாறை வெறுமையாக இருந்தால், 1970க்குப் பின், வள்ளுவர் சிலைப் பணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயர்வதற்கு முன் எடுத்தது. 133 அடிச் சிலை முழுமையாக நின்றால், அது திறக்கப்பட்ட 2000 ஜனவரி 1ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ எடுத்தது. கரையில் இருக்கும் காந்தி மண்டபம் 1956இல் கட்டி முடிக்கப்பட்டது. தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இடியாமல் நிற்கும் படம் யாரிடமாவது இருந்தால், அது 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தையது. அதைத் தனி உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

வெயிலும் ஒரு தடயமே. நம் கிழக்குக் கரையில் கடலைப் பின்னணியாக வைத்து நிற்பவர்கள் மேற்கு நோக்கி நிற்கிறார்கள். முகத்தில் வெளிச்சம் விழுந்து, நீண்ட நிழல் கடல் பக்கம் சாய்ந்தால் மாலை நேரம். முகம் இருண்டு, நிழல் கேமராவை நோக்கி நீண்டால் காலை. மாலைப் படமென்றால் உள்ளூர்க்காரர்கள் ஆற அமர வந்திருக்கக்கூடும். காலைப் படமென்றால் இரவு ரயிலில் வந்து இறங்கிய யாத்திரையாக இருக்கலாம் என்ற அளவில், பெரியவர்களிடம் கேட்பதற்கு ஒரு நூல்முனை கிடைக்கும்.

இனி உடைகள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பாட்டி உடுத்தியிருக்கும் பட்டுப்புடவை காலத்தைக் காட்டாது. கூறைப்புடவையை இருபது, முப்பது ஆண்டுகள் விசேஷத்துக்கு விசேஷம் உடுத்திய தலைமுறை அது. ரவிக்கையைப் பாருங்கள்: புடவை அப்படியே இருக்க, ரவிக்கைதான் வழக்கத்துக்கேற்பப் புதிதாகத் தைக்கப்பட்டது; கையின் நீளமும் கழுத்தின் வெட்டும் மாறிக்கொண்டே வந்தன. ஆண்களில் இளைஞர்களின் உடையே துல்லியமானது. அகன்ற கால்சட்டை விளிம்பும் நீண்ட கூர்க் காலரும் 1970களைச் சொல்லும். அதே படத்தில் நிற்கும் தாத்தாவின் வேட்டியும் மேல்துண்டும் எதையும் சொல்லாது. எல்லாவற்றையும்விட நம்பத்தக்கவர்கள் குழந்தைகள்தாம். பிறந்த ஆண்டு தெரிந்த ஒரு குழந்தை படத்தில் இருந்தால் போதும்: இடுப்பில் இருக்கிறதா, தானாக நிற்கிறதா, முன்பற்கள் விழுந்திருக்கின்றனவா, மொட்டையடித்து முடி வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்தாலே ஓராண்டு முன்பின்னாகக் காலம் கிடைத்துவிடும்.

ஓர் அலங்காரப் படத்தில் பாதங்களையும் விட்டுவிடாதீர்கள். கொசுவத்தை ஒரு கையால் சற்றே தூக்கிப் பிடித்திருக்கும் பெண், கரையின் ஈரம் ஏறிக் கருத்த புடவை விளிம்பு, ஓரமாகக் கழற்றி வைத்த செருப்புகளின் குவியல் இவையெல்லாம் ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியும். செருப்பு எத்தனை சோடி, நிற்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், படம் எடுத்தவர் குடும்பத்தில் ஒருவரா, கடற்கரைப் புகைப்படக்காரரா என்று கேட்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.

தாளின் பின்புறத்தையும் திருப்புங்கள். ‘இந்து’ என்ற முத்திரை இருந்தால், அது 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் தாள். இரண்டேகால் அங்குலச் சதுரமாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், அக்ஃபா கிளிக் போன்ற பெட்டிக் கேமராவின் ஒரு சுருளில் விழும் 12 படங்களில் ஒன்றாக இருக்கலாம். நெகட்டிவை நேராகத் தாளில் வைத்து அச்சிட்ட அளவு அது. வண்ணப் படம் செம்மையேறிப் போயிருந்தால், நீலச்சாயம் முதலில் மங்கிய பழைய வண்ண அச்சு என்று அறியலாம்.

இவ்வளவும் குறித்துக்கொண்ட பிறகே பெரியவர்களிடம் போங்கள். ‘இது எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தப் புடவை எப்போது எடுத்தது, அத்தை? யார் வாங்கிக் கொடுத்தது?’ என்று கேட்டால் கடை, பண்டிகை, கூட வந்தவர்கள் என்று எல்லாமே வரும். பேச்சைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரை எழுதும்போது ‘பெரியம்மா’, ‘மாமா’ என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த தலைமுறைக்கு அவர் யாருக்குப் பெரியம்மா என்பது தெரியாது. இடமிருந்து வலமாக, முழுப்பெயர், ஊர், யாருடைய மகள் அல்லது மகன் என்று எழுதுங்கள்.

கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் படங்கள் பூஞ்சை பிடிக்கும். விளிம்பைப் பிடித்தே கையாளுங்கள். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். தண்ணீரும் ஈரத்துணியும் வேண்டவே வேண்டாம். பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்த்து எடுக்காமல், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் செலுத்தி மெல்ல அறுத்து எடுக்கலாம். வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் கண்ணாடியோடே ஸ்கேன் செய்வதுதான் சரி. பிறகு அமிலமற்ற காகித உறையில் இட்டு, பரணிலோ வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலோ அல்லாமல், அறையின் உள்சுவர் அலமாரியில் வையுங்கள். பின்புறம் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பதியாது, அப்போது படத்தை உள்ளே வைப்பதற்கு முன் உறையின் மேல் எழுதலாம்.

ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), சிறிய படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளையையும் வண்ண முறையிலேயே, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் வண்ணமேற்றுவதை நான் ஏற்பதில்லை. அரக்குப் புடவையை அவை பச்சையாக்கும். மங்கிய முகத்தைத் தெளிவாக்குகிறோமென்று வேறொருவர் முகத்தையே வரைந்துவிடும். ஆசையிருந்தால் நகலில் செய்து, கோப்பின் பெயரிலேயே ‘வண்ணமேற்றியது’ என்று குறித்து வையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக, ஒரே நாளில் எடுத்த சுருளின் மற்றப் படங்களைத் தேடுங்கள். அந்நாளில் பிரதிகள் உறவினர் வீடுகளுக்குப் பங்கிடப்பட்டன. உங்கள் ஆல்பத்தில் யாரோ ஒருவரின் முகத்தை மறைத்து நிற்கும் கை, சித்தப்பா வீட்டுப் படத்தில் இறங்கியிருக்கலாம். எனவே, நீங்கள் அனுப்பும் பிரதியோடு, இந்த நாளின் வேறு படமோ நெகட்டிவோ அங்கே இருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்தே அனுப்புங்கள்.