ஆப்பில் ஆங்கிலம்: நான் செய்ததையே நீங்களும் செய்யாதீர்கள்

சார்ஜ் போட மறப்பது, இணையம் இல்லாத அறையில் போய் நிற்பது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும், விடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆப் வைத்து ஆங்கிலம் சொல்லித்தரப் புதிதாக வரும் ஆசிரியர்கள் டேப்லெட்டைக் கையில் எடுத்ததும் நான் அன்று சொதப்பியதை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நட்சத்திரத்தை நம்புவது

இன்னும் எரிச்சலாக இருப்பது இதுதான். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், ஆப்பில் எல்லாப் பாடத்துக்கும் மூன்று நட்சத்திரம். இரண்டு மாதம் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தேன். ஒருநாள் கரும்பலகையில் ‘கேட்’ (cat) என்று ஆங்கிலத்தில் எழுதி வாசிக்கச் சொன்னால், விழிக்கிறாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விளையாடுவதைக் கவனித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: சொல்லை அவள் பார்க்கவே இல்லை. குரல் சொன்னதும் பூனைப் படத்தைத் தட்டினாள். படம் இல்லாத இடத்தில் மூன்று விடைகளையும் மாற்றி மாற்றித் தட்டினாள், எது பச்சையாகிறதோ அதோடு அடுத்த கேள்வி. குருட்டாம்போக்கில் தட்டினாலே மூன்றுக்கு ஒன்று சரியாகும், திரும்பத் தட்ட விட்டால் நூற்றுக்கு நூறுதான். பாடவேளைகள் போனதுகூடப் பரவாயில்லை, தனக்கு வாசிக்கத் தெரியும் என்றே அந்தப் பிள்ளை நம்பியிருந்தது.

இப்போது வாரம் ஒருமுறை டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, ஆப்பில் வந்த 5 சொற்களைப் படமில்லாமல் தாளில் எழுதிக் காட்டுகிறேன். கூடவே ஆப்பில் வராத ஒரு சொல். ‘கேட்’ வாசிப்பவள் ‘மேட்’டில் (mat) திணறினால், எழுத்தைக் கூட்டவில்லை, சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று அர்த்தம்.

எழுத்தின் பெயரை மட்டும் சொல்லும் ஆப்

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ ஏறக்குறைய 44. சி, ஏ, டி என்று பெயரைக் கூட்டினால் ‘சியேட்டி’தான் வரும், ‘கேட்’ எங்கிருந்து வரும்? எழுத்தைத் தொட்டால் என்ன சத்தம் வருகிறது என்று முதலில் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

மைக் போடும் மதிப்பெண்

உச்சரிப்பை மைக்கில் கேட்டுச் சரி, தவறு போடும் மென்பொருள் பெரியவர்கள் பேச்சைவிடச் சின்னப் பிள்ளைகள் பேச்சில் அதிகம் தடுமாறும், வகுப்பு இரைச்சலில் கேட்கவே வேண்டாம். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மூன்று தடவை ‘தவறு’ என்று வந்தால் நான்காவது தடவை வாயைத் திறக்காது.

ஆளுக்கொரு ஹெட்போன்

அது மொழி வகுப்பா, நூலகமா? இரண்டு பேருக்கு ஒரு கருவி கொடுங்கள், சண்டை போட்டாவது பேசுவார்கள். (எந்த மொழியில் என்பது வேறு விஷயம்.)

விளம்பரம் வரும் இலவச ஆப்

வேண்டாம்.