பொடி வியாபாரம் தொடங்கப் போறீங்களா? மெஷினுக்கு முன்னால் ஆளைத் தேடுங்கள்

இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மெஷின் விலையைத்தான். சொல்லித் தர ஆள் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள்.

ஆள் என்றால் பெரிய ஆள் இல்லை. அந்தத் தப்பை நான் செய்தேன். பெரிய கம்பெனியில் விற்பனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவர் சொன்னாரே என்று முதல் மாதமே பிரின்ட் போட்ட கவருக்கு ஆர்டர் கொடுத்தேன். கவரில் அச்சடிக்கும் சிலிண்டருக்குச் செலவு தனி, அதற்குமேல் மினிமம் ஆர்டர் வேறு. பாதி தீர்வதற்குள் எடையை மாற்ற வேண்டி வந்தது, மிச்சக் கவர் இன்னும் பரணில் கிடக்கிறது. வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி ஆரம்பி என்று பொடி விற்ற யாரும் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள்.

அதனால் இதே தொழிலில் உங்களுக்கு மூன்று நாலு வருடம் முன்னால் இறங்கியவரைப் பிடியுங்கள். உங்கள் ஊரில் வேண்டாம், அதே கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர் எதற்குச் சொல்லித் தரப்போகிறார்? நீங்கள் சேலம் என்றால் திருநெல்வேலிப் பக்கம் பாருங்கள். கவர் விற்பவரையும் அரவை மெஷின் ரிப்பேர் பார்ப்பவரையும் விசாரியுங்கள், யார் ஓடுகிறார், யார் மூடினார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. தஞ்சாவூர் நிஃப்டெம் (மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) மாதிரி இடங்களில் பயிற்சிக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரரிடமும் பேசுங்கள்.

'எனக்கு வழிகாட்டியா இருங்க' என்று ஆரம்பிக்காதீர்கள், பயந்துவிடுவார். கணக்கு நோட்டோடு போய் ஒரே ஒரு கேள்வி. உதாரணத்துக்கு, உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, உள்ள சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 சட்டம் சொல்கிறது. சரி, அதைக் கடைக்காரரிடம் எப்போது எடுக்கலாம், எப்போது எடுத்தால் அடுத்த லோடே வாங்கமாட்டார்? இது அனுபவப்பட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

நல்ல ஆள் பதில் சொல்வதற்கு முன் உங்களைக் குடைவார். எத்தனை நாளில் சிக்கு வாடை வருது, ரிட்டர்ன் எவ்வளவு, உன் சம்பளத்தை விலையில் சேர்த்தியா? நீங்களும் கேளுங்கள், எதில் பணம் போச்சு என்று. போகவே இல்லை என்கிறவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் சந்திப்பிலேயே பங்கு கேட்பவரிடம் டீயும் வேண்டாம்.

அப்புறம், சொன்னதைச் செய்தீர்களா இல்லையா என்று பத்து நாளில் போன் போட்டுச் சொல்லுங்கள். காலையில் சரக்கு ஏற்றுகிற நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள்.