மாரியில் பெற்றோல் ஏன் கூடுதலாகப் போகிறது?
மார்கழி மழை தொடங்கியதும் திருகோணமலையில் பலர், கார் பெற்றோல் குடிக்கிறது என்று கராஜுக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் எஞ்சினில் பிழை இருக்காது. ரோட்டில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓட டயருக்குக் கூடுதல் வலு வேண்டும். கண்ணாடியில் படியும் புகாரைப் போக்க ஏசியும் ஓடுகிறது. இவற்றைவிடக் குறுந்தூர ஓட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். நனையாமல் போகலாம் என்று உவர்மலையிலிருந்து சந்தைக்குக் காரை எடுக்கிறோம். போய் நிறுத்தும்போது எஞ்சின் இன்னும் சரியாகச் சூடேறியிருக்காது. சூடாகும்வரை பெற்றோலைக் கூட்டித்தான் எடுக்கும். ஆகவே சந்தை, பாமசி, டியூசன் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடியுங்கள். அப்புறம் டயர் காற்று: 5, 6 பாகை செல்சியஸ் குளிர்ந்தாலே காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும்; காற்றுக் குறைந்தாலும் பெற்றோல் கூடுதலாகப் போகும். காலையில் ஓடமுன், டயர் ஆறியிருக்கும்போதே பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் சாரதி பக்கக் கதவருகே ஸ்டிக்கரில் இருக்கும்.